டிஸ்க் பிரேக் வாங்கும் முன் ரிம்மை அளந்துவிடுங்கள்

பழைய மினி காரின் முன்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்ற விரும்புவோர், உதிரிப்பாகங்களைத் தருவிப்பதற்கு முன் ரிம்மின் விட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்: 10 அங்குல ரிம்முக்குக் மினியின் வேக வகையான கூப்பர் எஸ்ஸின் 7.5 அங்குல டிஸ்க், 12 அங்குல ரிம்முக்கு 8.4 அங்குல டிஸ்க்.

8.4 அங்குல டிஸ்க் 12 அங்குலச் சக்கரத்துக்காக வந்தது (1984இல் எல்லா மினிகளுக்கும் இரண்டும் வழக்கமாயின) என்பதால், அதை வழக்கமான 10 அங்குல ரிம்முக்குள் நுழைக்க முயன்றால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ரிம்மின் உட்புறத்தில் இடித்து, சக்கரம் உட்காராது. மலிவாகக் கிடைத்ததே என்று அதை வாங்கியவர் பிறகு நான்கு ரிம்களும் டயர்களும் வாங்க நேரிடும். சிங்கப்பூருக்கு வரவழைக்கும் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் தனி.

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, பெடல் ஆழமாக இறங்குகிறது என்பதற்காக மட்டும் மாற்ற நினைத்தால் இந்தக் குறிப்பு பொருந்தாது. 1964க்குப் பிந்தைய முன்சக்கர டிரம்மில், அதன் பின்னால் உள்ள தகடு ஒவ்வொன்றிலும் சதுரத் தலையுள்ள இரண்டு திருகுகள் உண்டு. சக்கரம் நிற்கும்வரை அவற்றை இறுக்கி, தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்தினாலே பல வேளைகளில் குறை நீங்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓடும் பழங்கால வாகனத் திட்டக் கார்களுக்கு, என் கணிப்பில், அதுவே போதும். மேலும், டிரம்மைப் போல டிஸ்க் தானாகப் பிடிப்பை இறுக்கிக்கொள்வதில்லை. சர்வோ (மிதிக்கும் விசையைப் பெருக்கும் கருவி) இல்லாத காரில் பெடலைச் சற்று அழுத்தமாகவே மிதிக்க வேண்டியிருக்கும். மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.