வண்டி காட்டில் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள்: பூங்காத் துறையின் சீசன் மெக்கானிக் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் கை கறுத்தவர்கூட, அரசுப் பூங்காத் துறையில் சீசன் மெக்கானிக்காக, அதாவது சீசனுக்கு மட்டும் வேலை பார்ப்பவராகச் சேர்ந்தால் முதல் மாதம் தடுமாறுவார். தொழில் தெரியாததால் அல்ல. ஒர்க்‌ஷாப்பில் பழுது திரும்பி வந்தால் வண்டிக்காரர் நாலு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதான். இங்கே வண்டி நிற்கும் இடத்தில் போன் சிக்னலே இருக்காது. இழுத்து வர இன்னொரு வண்டி போய்ச் சேரவே பாதி நாள் ஆகலாம்.

முதல் தவறு விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. "எல்லா வண்டியும் பார்ப்பேன்" என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். பூங்காவில் பிக்கப் மட்டுமா இருக்கிறது? டிராக்டர், தண்ணீர் லாரி, ஜேசிபி, புல்வெட்டி, ஜெனரேட்டர், சங்கிலி ரம்பம், சில இடங்களில் படகு எஞ்சினும் உண்டு. டீசல், ஹைட்ராலிக், வெல்டிங், சிறு எஞ்சின் என்று எதில் எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். கைக்கருவிகள் துறை தருமா, நீங்களே கொண்டுபோக வேண்டுமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் சங்கடம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் நேராகச் சாவியைத் திருகுவது அடுத்த தவறு. முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கும், வயரைக் கடித்து வைத்திருக்கும். அந்தக் கூட்டையும் புழுக்கையையும் காற்றடித்து ஊதவே கூடாது. எலி எச்சத்தில் இருக்கக்கூடிய ஹாண்டா வைரஸ் என்ற நோய்க்கிருமி அந்தத் தூசியில் ஏறி மூச்சுக்குள் போகும். கையுறை போட்டு, கிருமிநாசினியால் நனைத்து, துடைத்து எடுங்கள். புல்வெட்டி, ரம்பம் போன்றவற்றில் பழைய பெட்ரோல் கார்புரேட்டரைப் பிசினாக அடைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் தண்ணீரை இழுத்து அடியில் தனியாகப் பிரிந்தும் நிற்கும். அதன்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றிப் பயனில்லை, வடித்துவிடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது பிரேக்தான். மலை இறக்கத்தில் பெடல் அடிவரை போனதாக டிரைவர் சொல்வார். வண்டி பணிமனைக்கு வருவதற்குள் சூடு ஆறியிருக்கும், மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கும். "ஒன்றுமில்லையே" என்று ஜாப் கார்டை (வேலைச் சீட்டை) மூடினால் அது பெரிய தவறு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு அதே தர அளவு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடலில் பிடிப்பு இருக்காது. ஆறினால் குமிழி மறைந்து, எல்லாம் சரியானதுபோல் தெரியும். டிரைவர் சொன்னதை நம்புங்கள், ஆயிலை மாற்றுங்கள். கூடவே, இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டினாரா என்றும் விசாரியுங்கள். பழுது சில சமயம் வண்டியில் இருக்காது!

குளிர்ப் பிரதேசப் பூங்காவென்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. கெட்டியாக ஊற்றினால் நல்லது என்று தண்ணீர் கலக்காமல் ஊற்றுபவர்கள் உண்டு. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் கலக்காவிட்டால் ஏறக்குறைய மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷமும்கூட. தரையில் சிந்தியதை அப்படியே விட்டால் விலங்கு வந்து நக்கும். பூங்காவைக் காக்கும் துறையிலேயே அது நடந்தால் என்ன சொல்ல?

பேட்டரியும் அப்படித்தான். முழுச் சார்ஜில் இருப்பது கடுங்குளிரையும் தாங்கும். காலியாக விட்டுப்போனது மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து வெடிக்கலாம்.

ஜேசிபி போன்றவற்றில் அழுத்தமான எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

வண்டியின் அடிப்பகுதியைக் கழுவாமல் வேறு பகுதிக்கு அனுப்புவதும் தவறுதான். சேற்றோடு அந்நியக் களைகளின் விதை பயணம் போகும். சைலன்சர் பக்கம் சிக்கிய காய்ந்த புல்லையும் அப்போதே பிடுங்குங்கள், தீப் பிடிக்க அது போதும்.

கடைசி வாரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாதி கழற்றிய வேலையை மனசில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த சீசனுக்கு வருபவர் வேறு ஆள். ஆர்டர் போட்ட பாகத்தின் எண், எந்த வண்டிக்கு, எந்த அலமாரியில் என்பதை லாக் புத்தகத்தில் எழுதுங்கள். ரேடியேட்டரை வடித்துவிட்டு நிரப்பாமல் விட்டிருந்தால் லாக் புத்தகம் மட்டும் போதாது. "தண்ணீர் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே" என்று அட்டையில் எழுதி ஸ்டியரிங்கிலேயே கட்டிவிடுங்கள், சாவி போடுகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி.