செய்தியும் வழக்கும் கதையும் எழுத விரும்பும் வழக்கறிஞருக்கு

செய்தியாளராக இருந்து சட்டம் படித்து வழக்காட வருபவர், வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன்பே பத்திரிகையின் சம்பள வேலையிலிருந்து விலகிவிட வேண்டும். முழுநேரச் சம்பள வேலையை இந்திய பார் கவுன்சிலின் விதி 49 தடுக்கிறது. விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு விதி 51 இதழியலை அனுமதித்தாலும், 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் பார் கவுன்சில் இதைவிடக் கடுமையான நிலைப்பாட்டையே எடுத்தது. ஆகவே பத்திரிகையில் பதவியோ செய்தியாளர் அங்கீகார அட்டையோ இல்லாமல், சட்டத்தை விளக்கும் கட்டுரைகளோடு நிற்பதே பாதுகாப்பானது. தாம் வக்காலத்து தாக்கல் செய்த வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவே கூடாது.

கதையில்தான் சிக்கல் ஆழமானது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. எனவே குறிப்பெடுக்கும்போதே, திறந்த நீதிமன்றத்தில் கேட்டது எது, அலுவலக அறையில் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். இரண்டாவது வகையிலிருந்து ஒரு வரியும் கதைக்குள் போகக் கூடாது. திறந்த நீதிமன்றத்தில் கேட்டதிலும், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதுவும் விலக்கப்பட வேண்டியதே.

அப்படியானால் எதை எடுப்பது? வழக்கு நடக்கும் விதத்தை எடுங்கள். சாட்சி தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னது, நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சாகும்போது தயக்கமில்லாத ஆங்கில வாக்கியமாகிவிடுவதைப் பலமுறை காணலாம். அந்த இடைவெளியில் ஒரு மனிதரின் வாழ்க்கையே மாறக்கூடும் என்பதால், கதைக்கு அதைவிட வளமான இடம் நீதிமன்றத்தில் இல்லை என்று நம்புகிறேன். பாகப்பிரிவினை வழக்கு வாய்தா வாய்தாவாக நீளும்போது அண்ணன் தம்பி ஒரே பேருந்தில் வந்து தனித்தனியே திரும்புவதைச் செய்தியாளரின் கண்ணோடு கவனியுங்கள். குறுக்கு விசாரணையில் நீங்கள் மடக்கிய சாட்சியின் பக்கம் நின்றும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். வாதத்தில் விட்டுவிட்ட நியாயம் அங்கே தென்படும்.

நேரம் வாய்தா இல்லாத நாளில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிகாகோவில் அரசு வழக்கறிஞராக இருந்த அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் டூரோ, வேலைக்குச் செல்லும் ரயிலில்தான் தம் நாவலின் பெரும்பகுதியை எழுதினார்.

அச்சுக்கு அனுப்புமுன், கட்சிக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்தால் இன்னாருடைய குடும்பம் என்று கண்டுகொள்வாரா என்று யோசியுங்கள். கண்டுகொள்வார் எனில், பெயரை மட்டும் மாற்றுவது போதாது. ஊர், தொழில், உறவுமுறை அனைத்தையும் மாற்றுங்கள். அவ்வாறு மாற்றியதும் கதை நிற்கவில்லையென்றால் அதைக் கைவிட்டுவிடுங்கள்.