ஷிங்கிள் கூரை மாற்றப் போகிறீர்களா? கூடல்வாய்த் தகரத்தைப் பார்த்துவிடுங்கள்

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கூடல்வாய் தெரியும். இரண்டு சரிவுகள் சேரும் அந்தப் பள்ளம் இங்கே, வட அமெரிக்காவில், ஷிங்கிள் கூரையிலும் உண்டு. ஷிங்கிள் என்பது ஓட்டுக்குப் பதிலாக வரிசை வரிசையாக ஆணியடித்துப் போடும் தட்டையான தார்த் தகடு. பள்ளத்தில் அதற்கு அடியில் ஒரு தகரம் போடுவார்கள். கூரை வேலைக்காரர்கள் அந்தப் பள்ளத்தை ஆங்கிலத்தில் 'வேலி' (valley) என்பார்கள். நம் வேலியை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

பெர்மிட், ஒப்பந்தக்காரரின் உரிமம், காப்பீட்டுச் சான்று, எழுத்தில் ஒப்பந்தம். இதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், செய்துவிடுங்கள். எங்களிடமும் எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் இரண்டாவது குளிர்காலம் முடிந்து பனி உருகியபோது படுக்கையறைக் கூரையில் மஞ்சளாக ஒரு வளையம் விழுந்தது.

கூடல்வாய்க்கும் அந்தக் கறைக்கும் நாலடி தூரம். புகுந்த தண்ணீர் மரச்சட்டத்தைப் பிடித்தபடி ஓடி வேறெங்கோ சொட்டும் என்பது அன்றுதான் புரிந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டோம். அவர் நாலு ஷிங்கிளைத் தூக்கிக் காட்டினார். தகரத்தின் நடு மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி வரிசையாக ஆணிகள்! ஒன்றின் தலை துருவேறி, சுற்றியிருந்த ஓட்டை நெல்மணி போல நீண்டிருந்தது.

வெயிலில் தகரம் நீளும், உறைபனியில் சுருங்கும். நடுவில் ஆணி அடித்தால் நகர இடமில்லாமல் அந்த இடத்திலேயே இழுபடும். தகரத்துக்குக் கீழே பலகையில் ஒட்டியிருக்கும் பசைப்படலம் (தண்ணீர் புகாத ஒட்டும் விரிப்பு) கொஞ்ச காலம் ஆணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முதல் மழையில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது, வேலைக்குக் கொடுத்த உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. நம் ஓட்டுக் கூரையில் தகரத்தின் மேல் ஓடு சும்மா உட்கார்ந்திருக்கும், யாரும் குறுக்கே ஆணி அடிப்பதில்லை. இங்கே ஒவ்வொரு ஷிங்கிளையும் ஆணியடித்தே ஆக வேண்டும். அடித்துக்கொண்டே வருகிற கை கூடல்வாயிலும் நிற்பதில்லை.

சரியான முறை இதுதான். முதலில் 36 அங்குல அகலப் பசைப்படலம், அது பள்ளத்தின் நடுவில் தூக்கி நிற்காமல் ஒட்டிப் படிய வேண்டும். அதன் மேல் தகரம். திறந்த கூடல்வாய்க்கு, அதாவது நடுவில் தகரம் வெளியே தெரியும்படி விடுவதற்கு, 24 அங்குல அகலமாவது வேண்டும் என்பது ஐ.ஆர்.சி. என்ற அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. நடுவில் மடிப்பு எழும்பிய 'டபிள்யூ' வடிவத் தகரமாகக் கேளுங்கள். ஒரு சரிவில் வேகமாக வரும் தண்ணீர் எதிர்ச் சரிவின் ஷிங்கிளுக்குள் ஏறாமல் அந்த மடிப்பு தடுக்கும். கீழிருந்து மேலாகப் போட்டு வர வேண்டும். மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் 8 அங்குலமாவது ஏற வேண்டும். தகரத்துக்கு ஆணி வெளி விளிம்பில் மட்டும்தான். அப்புறம் ஷிங்கிள் ஆணி எதுவும் நடுக்கோட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் வரவே கூடாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பள்ளத்தை ஒட்டி வரும் ஷிங்கிளின் மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கூர்முனை தண்ணீரைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். ஷிங்கிளைத் தகரத்தின் மேலேயே வைத்துக் கத்தியால் அறுக்கவும் விடாதீர்கள். துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தால் அந்தக் கோட்டில்தான் துரு பிடிக்கும். அடியில் ஒரு வேண்டாத தகரத் துண்டை வைத்தால் போதும்.

ஷிங்கிள் மூடிய பிறகு ஆணி எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: தகரம் போட்ட பின், மூடும் முன் ஒவ்வொரு கூடல்வாய்க்கும் படம் எடுத்துத் தர வேண்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். புதிதாக வந்த இடம், பாஷை தடுமாறும், அவர்கள் அனுபவசாலிகள் என்று தோன்றும். நானும் அப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன். கூடல்வாயைப் பிரித்து மறுபடி போட்டபோது ஏணியடியிலேயே நின்றேன். வேலை செய்த பையன் கோபப்படவில்லை. டேப்பை மடிப்பில் வைத்து, இரண்டு பக்கமும் 6 அங்குலத்தில் சுண்ணக்கோடு அடித்து, அதன் பிறகுதான் சுத்தியலை எடுத்தான்.