சிடிஎஃப் போட்டியில் சாதாரணப் பயனரிலிருந்து ரூட் வரை

கேப்ச்சர் தி ஃபிளாக் எனப்படும் சிடிஎஃப் கணினிப் பாதுகாப்புப் போட்டிகளில், லினக்ஸ் இயந்திரம் ஒன்றினுள் முதல் ஷெல் (கட்டளைகளை இட்டு இயக்கும் இடைமுகம்) கிடைப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. அந்தச் சாதாரணப் பயனரிடமிருந்து, எதையும் செய்யக்கூடிய நிர்வாகியான ரூட்டின் அதிகாரத்துக்கு ஏறி, ரூட்டின் இல்ல அடைவில் இருக்கும் ஃபிளாகை, அதாவது வெற்றிக்குச் சான்றான ரகசியச் சொல்லைப் படிப்பது மீதிப் பாதி. இந்த இடத்தில் திணறுபவர்களில் பலர் அறிவுக் குறைவால் திணறுவதில்லை. தேடி முடிப்பதற்குள் தாக்கத் தொடங்கிவிடுவதால்தான் திணறுகிறார்கள். ஆகவே, ரூட் எதையெல்லாம் நம்பி இயக்குகிறது, அவற்றில் எதை என்னால் மாற்ற முடியும் என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றிப் பாருங்கள். இங்கே சொல்லப்படும் அனைத்தும் போட்டிக்கென்று அமைக்கப்பட்ட, நீங்கள் அனுமதி பெற்ற இயந்திரங்களுக்கு மட்டுமே உரியவை.

முதலில் ஷெல்லை நிலைப்படுத்துங்கள். இலக்கு இயந்திரமே உங்கள் கணினியைத் தொடர்புகொள்ளும் ரிவர்ஸ் ஷெல்லாகக் கிடைத்த இணைப்பில் முழுமையான டெர்மினல் இருக்காது என்பதால், கடவுச்சொல் கேட்டு வேறு பயனராக இயங்கவிடும் எஸ்யூ, சூடோ போன்ற கட்டளைகள் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். பைத்தான் இருந்தால் அதன் பிடிஒய் மாட்யூல் மூலம் பேஷ் என்ற ஷெல் ஒன்றைத் தொடங்கினால் இந்தச் சிக்கல் தீரும்.

அடுத்து ஐடி கட்டளையை இயக்கி, நீங்கள் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்த சூழல்களில் இயக்கும் டாக்கர் கருவியின் குழுவில் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடலாம். ஹோஸ்டின், அதாவது அடிப்படை இயந்திரத்தின், முழுக் கோப்பு முறைமையையும் மவுண்ட் செய்து (இணைத்து) ஒரு கன்டெய்னரைத் தொடங்கினால், அதனுள் ரூட்டாக இருந்தபடி எந்தக் கோப்பையும் படிக்கலாம். அதன்பின் சூடோ மைனஸ் எல். கடவுச்சொல் இல்லாமல் ரூட்டாக இயக்க அனுமதிக்கப்பட்ட நிரல்கள் இருந்தால், இந்தக் கட்டளை அவற்றைப் பட்டியலிடும். விம் என்ற உரைத் திருத்தி அந்தப் பட்டியலில் இருந்தால், அதனுள் முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் இட்டு ஷெல்லை அழைப்பதே போதும். எந்தப் பழக்கமான நிரலிலிருந்து எப்படி ஷெல்லுக்குத் தாவலாம் என்பதை ஜிடிஎஃப்ஓபின்ஸ் என்ற தொகுப்பு முறையாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது. வலைத்தளத்தின் அமைப்புக் கோப்புகளில் கிடைக்கும் தரவுத்தளக் கடவுச்சொல்லை மற்றப் பயனர்களுக்கும் ரூட்டுக்கும் முயன்று பார்க்க மறக்காதீர்கள்.

இவற்றில் எதுவும் கிடைக்காதபோது எஸ்யூஐடி கோப்புகளைத் தேட வேண்டும். எஸ்யூஐடி பிட் உள்ள நிரலை யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும். ஃபைண்ட் கட்டளையில் அனுமதி மதிப்பு -4000 என்று கொடுத்து, பிழைச் செய்திகளை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பிவிட்டுத் தேடினால் பட்டியல் வந்துவிடும். பாஸ்டபிள்யூடி, மவுண்ட், எஸ்யூ, சூடோ ஆகியவை அதில் இருப்பது இயல்பு. ஆப்ட் அடைவிலோ லோக்கல் பின் அடைவிலோ இதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு நிரல் தென்பட்டால், அங்கே நில்லுங்கள்.

அப்படி ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். இயக்கினால் வட்டில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதன்மீது, கோப்பினுள் இருக்கும் படிக்கத்தக்க எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓடவிட்டால், செட்யூஐடி (பயனர் எண்ணை மாற்றுவது), சிஸ்டம் (ஷெல் வழியே கட்டளையை இயக்குவது) என்ற இரண்டு செயல்கூறுகளின் பெயர்களுக்குக் கீழே டிஎஃப் மைனஸ் எச் என்ற வரி தெரிகிறது. முழுப் பாதை இல்லாமல் வெறும் டிஎஃப் என்று எழுதப்பட்டிருப்பதுதான் ஓட்டை. டிஎம்பி அடைவில் டிஎஃப் என்ற பெயரிலேயே, பேஷை அழைக்கும் ஒரு வரியைக் கொண்ட கோப்பை உருவாக்கி, இயக்க அனுமதி கொடுத்து, கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளை வரிசைப்படுத்தும் பாத் மாறியின் தொடக்கத்தில் டிஎம்பியைச் சேர்த்துவிட்டு நிரலை மீண்டும் இயக்குங்கள். ஷெல் முதலில் உங்கள் டிஎஃப்பைக் கண்டெடுக்கும். செட்யூஐடி அழைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு: இயக்கியவரின் பயனர் எண்ணான நிஜ யூஐடியும், அதிகாரத்தைத் தீர்மானிக்கும் செயல்படும் யூஐடியும் வேறுபட்டிருந்தால், மைனஸ் பி தெரிவு கொடுக்கப்படாத பேஷ் உயர்ந்த அதிகாரத்தைத் தானே கைவிட்டுவிடும். நிரல் முன்கூட்டியே தன் யூஐடியை ரூட்டின் எண்ணான 0 ஆக்கியிருந்தால் அந்தத் தடை எழாது. வழி சரியாக இருந்தும் இந்த ஒரு நுணுக்கம் தெரியாததால் அதைக் கைவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

குறித்த நேரங்களில் தானாக இயங்கும் கிரான் பணிகளிலும் இதே சிந்தனைதான். ரூட் நிமிடத்துக்கொரு முறை இயக்கும் ஸ்கிரிப்ட்டில் உங்களால் எழுத முடிந்தால், பேஷின் நகலொன்றை எடுத்து அதற்கு எஸ்யூஐடி பிட்டை உள்ளடக்கிய 4755 அனுமதி கொடுக்கும் வரிகளைச் சேர்த்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு அந்த நகலை மைனஸ் பி தெரிவோடு இயக்குங்கள். நகலை வைக்கும் இடம், எஸ்யூஐடி பிட்டைப் புறக்கணிக்கும் நோஎஸ்யூஐடி தெரிவோடு மவுண்ட் செய்யப்பட்டிருந்தால் பலன் இருக்காது என்பதால் அதை முதலில் சரிபாருங்கள். கிரான்டேப் கோப்பில் எதுவும் தெரியவில்லை என்றாலும் பணி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரூட் அதிகாரம் இல்லாமலேயே புதிதாகத் தொடங்கும் செயல்முறைகளைக் காட்டும் பிஸ்பை கருவியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பாருங்கள். நிரல்களுக்குத் தனித்தனியாக வழங்கப்பட்ட சிறப்பு அதிகாரங்களைக் காட்டும் கெட்கேப் கட்டளையையும் ஒருமுறை இயக்குங்கள். பைத்தானுக்கு, யூஐடியை மாற்ற அனுமதிக்கும் கேப் செட்யூஐடி கொடுக்கப்பட்டிருந்தால் ஒரே வரியில் ரூட் ஆகிவிடலாம்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள ஓட்டைகளைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். 2016இல் வெளியான டர்ட்டி கவ், 2022இல் வெளியான டர்ட்டி பைப் ஆகியவை பழைய இயந்திரங்களில் பலிக்கக்கூடும்; ஆனால் டர்ட்டி பைப் 5.8க்கு முந்தைய கெர்னல்களில் இல்லவே இல்லை என்பதால் யூநேம் கட்டளை காட்டும் கெர்னல் பதிப்பெண்ணைப் பார்க்காமல் முயல்வது வீண். டர்ட்டி கவ்வைப் பயன்படுத்தும் சில எக்ஸ்ப்ளாய்ட்கள் (தாக்குதல் நிரல்கள்) இயந்திரத்தையே முடக்கிவிடும். கெர்னலைச் சேராத பிகேஎக்ஸெக் நிரலில் 2022 ஜனவரியில் அம்பலமான பிவ்ன்கிட் என்ற ஓட்டை, ஒரே நேரத்தில் நடக்கும் செயல்களில் எது முந்துகிறது என்ற நேரப் பந்தயத்தை நம்பியிராததால், டர்ட்டி கவ்வைவிட நிதானமாக வேலை செய்யும்.

யூஐடி 0 என்று வந்த பிறகும் ஃபிளாக் கண்ணில் படவில்லை என்றால், கோப்பு முறைமையின் வேரில் புள்ளியில் தொடங்கும் டாக்கர்என்வ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் கன்டெய்னருக்குள் நிற்கிறீர்கள், ஹோஸ்டுக்கான வழி இனிமேல்தான். ஃபிளாக் கிடைத்துவிட்டால், அந்த இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் போட்டிகளில், நீங்கள் வைத்த பேஷ் நகலை நீக்கி, மாற்றிய ஸ்கிரிப்ட்டைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு வெளியேறுங்கள்.