பரிசு யாருக்கு? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பாராட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு விழா அழைப்பிதழில் மாலை 4 மணி என்று அச்சடித்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேர 6 ஆகிவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொன்னாடை, ஆண்டறிக்கை, அப்புறம் வாழ்த்துரைகள். நடனமெல்லாம் முடிந்து பரிசளிப்பு தொடங்கும்போது மணி ஒன்பதரை. 50 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை, ரோஸ் பவுடர்கூடக் கலையாமல் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் உலுக்கி எழுப்பி மேடையில் ஏற்றுவார்கள். பரிசு கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார், பிள்ளையும் கேமராவைப் பார்க்கும். எதற்குக் கிடைத்தது என்று இறங்கி வந்தபின் கேட்டால் சொல்லத் தெரியாது.

தொடக்கப் பள்ளியில் பாராட்டு என்ற பெயரில் நடக்கும் பிழைகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. பிள்ளை என்ன செய்தது என்பது விழாவுக்குள் எங்கோ தொலைந்துவிடுகிறது. நடனமோ பட்டிமன்றமோ கபடியோ, செய்ததைச் செய்தவரிடமே, அது நினைவில் இருக்கும்போதே சொல்வதுதான் பாராட்டு. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தவறுகள் தானாகவே கண்ணில் படும்.

பரிசைக் கடைசிக்குத் தள்ளுவது

சரிசெய்ய எளிதான தவறு இதுதான். இரண்டு நடனத்துக்கு ஒருமுறை பத்துப் பரிசு என்று பிரித்துவிட்டால் யாரும் தூங்க மாட்டார்கள். மேடையில் ஆடை மாற்றுவதற்கான இடைவெளியும் நிரம்பும். சிறப்பு விருந்தினர் அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்றால் போகட்டும். பத்துப் பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, "மீதிப் பேர் நாளைக்கு வகுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மைக்கில் சொல்வது இருக்கிறதே, அந்த மீதிப் பேருக்கு அதைவிட ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

விளையாட்டுப் போட்டிப் பரிசுகளை ஆண்டு விழாவுக்கென்று மாதக்கணக்கில் பீரோவில் பூட்டி வைப்பதும் வழக்கமாக இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் போன மாதம் என்பதே பழங்கதை. ஓட்டம் முடிந்த மைதானத்திலேயே, வியர்வை காயும் முன் கொடுத்துவிடலாம். பணமே செலவாகாத இன்னொரு மேடையும் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது: காலை வழிபாட்டுக் கூட்டம். குறள் சொல்லி, செய்தி வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் போதும். "நேற்று குறுவள மையப் போட்டியில் நம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கதை சொன்னார்கள். நடுவில் மைக் நின்றுபோனது. அவர்கள் நிறுத்தவில்லை, குரலை உயர்த்திச் சொல்லி முடித்தார்கள்." இவ்வளவுதான். மொத்தப் பள்ளியும் கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்கும் தாங்கள் செய்தது எது என்று தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா 2022-23இல் ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்களுக்காகத் தொடங்கியது. பிறகு தொடக்க வகுப்புகளும் அதில் சேர்ந்தன. இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மாறுவேடமிட்டுப் போட்டிக்குப் போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பள்ளி அளவு, அக்கம்பக்கப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மையம், வட்டாரம் என்று படி ஏறும் போட்டியில் கீழ்ப்படியில் நின்றுவிடுபவர்களே அதிகம். மேலே போன ஒருவருக்குப் பேனர் வைத்துவிட்டு, பள்ளி அளவில் பங்கேற்ற முப்பது பேரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பள்ளிகள் உண்டு.

"நீ பிறவிக் கலைஞன்டா!"

வாயில் சட்டென்று வருவது ஆளைப் புகழும் சொல்தான். புலி, கெட்டிக்காரி, பிறவிக் கலைஞன். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு செய்த சோதனைகள் வேறு மாதிரி சொல்கின்றன. சில புதிர்களை முடித்தபின் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், வேறு சிலரிடம் "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சுலபமாகத் தெரிந்ததையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிரில் தோற்றபின் அவர்களுடைய ஆட்டமும் சரிந்தது. தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். இந்த வகை ஆய்வுகள் சொல்லும் விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பிற்பாடு வாதங்கள் நடந்திருக்கின்றன. ஆனாலும் பட்டம் வாங்கிய பிள்ளை அதைக் காப்பாற்றப் படும் பாட்டை எந்த ஆசிரியரும் வகுப்பிலேயே பார்த்திருப்பார்.

அதற்காக எல்லோரிடமும் "நல்ல முயற்சி" என்று சொல்லத் தொடங்குவது அடுத்த தவறு. தோற்றவர்களுக்கு மட்டும் சொல்லப்படும் சொல் அது என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். முயற்சியைப் பொதுவாகப் புகழ்வதைவிட, நடந்ததைச் சொல்வது நல்லது. "கும்மியில் வட்டம் உடைஞ்சப்ப நீ தாளத்தை விடல. பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்துக்கிட்டே காலை மாத்தி வச்சுச் சேர்ந்துக்கிட்ட, நான் பார்த்தேன்." இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் கும்மியைப் பார்த்திருக்க வேண்டும். நம்மில் பலர் செல்போன் திரை வழியாகத்தான் பார்க்கிறோம்.

பேச்சுக்குக் கைதட்டலாம், யாருடைய பேச்சுக்கு?

ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். ஊரெங்கும் பேச்சுப் போட்டி நடக்கும். "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று தொடங்கி, "கல்விக் கண் திறந்த கர்மவீரர்" என்னும் இடத்தில் வலது கை உயர, "ஏழைப் பங்காளர்" என்னும் இடத்தில் இரண்டு கையும் விரிய, மூன்று நிமிடத்தில் பிள்ளை முடிக்கும். எழுதியது அப்பா, அல்லது ஆசிரியர், அல்லது இணையம். நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால் மேடையே உறைந்துபோகும். சொல்லை மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது, ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் சொல் இல்லை.

மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது கேவலம் என்று சொல்லவில்லை. குறள் ஒப்புவித்தலும் செய்யுள் சொல்வதும் நம் மரபில் தனிக் கலைகள். ழகரமும் ளகரமும் நாக்கில் படிவது அப்படித்தான். அதை அதற்குரிய பெயரிலேயே பாராட்டலாம்: தெளிவாகச் சொன்னாய், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாய், பொருள் தெரிந்து சொன்னாய் என்று. அதற்கு "சிறந்த விவாதக் கலைஞர்" என்று கோப்பை கொடுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. விவாதம் என்றால் மனப்பாடம் என்று மற்ற பிள்ளைகளும் நினைத்துக்கொள்வார்கள்.

சின்னப் பிள்ளைகளின் பட்டிமன்றத்தில் இன்னொரு தொல்லை. தொலைக்காட்சியில் பார்த்ததை அப்படியே செய்வார்கள். எதிரணியைக் கிண்டலடித்தால் கைதட்டு விழும் என்று அவர்களுக்குத் தெரியும், நாமும் தட்டுவோம். கிண்டலுக்கு ஆளான பிள்ளை நாற்காலியில் நெளிவதை யாரும் பார்ப்பதில்லை. தலைப்பாவது அவர்களுடையதாக இருக்கிறதா என்றால் "தாயா, தாரமா" என்று எட்டு வயதிடம் கேட்கிறோம். மதிய உணவு இடைவேளையை நீட்டலாமா, வீட்டுப்பாடம் வேண்டுமா, பள்ளித் தோட்டத்தில் பூச்செடி வைக்கலாமா காய்கறி போடலாமா: இவற்றில் அவர்களுக்குச் சொந்தமாகச் சொல்ல நிறைய இருக்கும்.

நடுவரின் மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, உடல்மொழி, நேரம் என்று கட்டங்கள் இருக்கும். "எதிரணி சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னது" என்று ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். வீட்டுப்பாடம் பற்றிய பட்டிமன்றத்தில் ஒரு பிள்ளை தாளைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க சொன்னது சரிதான். ஆனா எங்க வீட்ல தம்பியைப் பாத்துக்கணும், ராத்திரிதான் எழுத நேரம் கிடைக்கும்" என்று தடுமாறிச் சொன்னால், அன்றைய மேடையில் உண்மையில் விவாதித்தது அந்தப் பிள்ளைதான். பழைய தாளின்படி அதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. முடிவு சொல்லும்போது நடுவர் அந்த இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால், அடுத்த முறை எல்லோரும் எதிரணியைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இன்னொன்று. பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதைப் பெரும்பாலும் ஆசிரியர்தான் ஒதுக்குகிறார். வீட்டுப்பாடம் வேண்டும் என்று வாதாடச் சொன்னது நாம். மறுநாள் "நீதானே வேணும்னு சொன்ன" என்று வகுப்பே அந்தப் பிள்ளையைத் துரத்தும். பாராட்டும்போதே, கொடுத்த பக்கத்துக்காக நன்றாக வாதாடினாய் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிடுவது நல்லது.

மைதானத்தில் உயரமானவருக்கே பதக்கம்

ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் ஒரு வருடம் என்பது அதுவரை வாழ்ந்ததில் ஆறில் ஒரு பங்கு. கால் நீளமாக இருக்கும், ஓட்டம் வேகமாக இருக்கும். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகம் என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குவதால் வந்த வினை அது. சிறுவயதில் சற்றே பெரியவராக இருந்தவர் தேர்வானார், தேர்வானவருக்குப் பயிற்சி கிடைத்தது, பயிற்சியால் இன்னும் முன்னேறினார். நம் மைதானத்திலும் வருடா வருடம் அதே நான்கு பேர் பதக்கம் வாங்கினால், அவர்களுடைய பிறந்த தேதியை ஒருமுறை பாருங்கள்.

முதல் மூன்று இடத்துக்குப் பரிசு வேண்டாம் என்பதில்லை. ஜெயிப்பதும் தோற்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. கூடவே ஒரு டேப்பை எடுத்து ஜூலையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை நின்ற இடத்திலிருந்து தாண்டச் சொல்லி அளந்து வையுங்கள். ஜூலையில் 90 செ.மீ. தாண்டிய பிள்ளை ஜனவரியில் 105 செ.மீ. தாண்டினால் அதுவும் காலைக் கூட்டத்தில் சொல்ல வேண்டிய செய்திதான்.

குழு ஆட்டத்தில் ஒருவரை மட்டும் தூக்கிக் கொண்டாடுவதும் பழகிப்போன பிழை. கபடியில் ரெய்டு போனவர் பெயர் தெரியும், காலைப் பிடித்துக்கொண்டு விடாதவர் பெயர் தெரியாது. கோ-கோவில் எட்டுப் பேர் மாறி மாறித் திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பதாவது ஆள் துரத்துவார். முதுகுக்குப் பின்னால் "கோ" கேட்டதும் கிளம்பத் தயாராக அந்த எட்டுப் பேரும் இருந்தால்தான் ஆட்டம். பரிசு கொடுக்கும்போது மேடைக்கு ஒன்பது பேரும் வர வேண்டும், கேப்டன் மட்டும் போதாது.

சின்னதாகத் தெரியும் சில

"ஜெயிச்சா சைக்கிள் வாங்கித் தரேன்" என்ற வாக்குறுதி. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் மழலையர் பள்ளியில் செய்த புகழ்பெற்ற சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பிறகு தானாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே பரிசு பிறகு வரட்டும், பேரமாக முன்னால் வர வேண்டாம்.

சான்றிதழில் பெயர்ப் பிழை. அப்பா பெயர் குமார் என்றால் தமிழில் தலைப்பெழுத்து "கு." தான், "கே." அல்ல. அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்திருக்கும் பிள்ளையிடம் மைக்கில் அப்பா பெயரைக் கேட்பவர்களும் உண்டு. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பட்டியலை எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவோடு ஒப்பிட்டுவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை.

வாடகை ஆடை. மூன்று நிமிட நடனத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை, தனக்கு ஆட வராது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். சீருடையோடு இடுப்பில் ஒரே நிறத் துண்டு கட்டினால் கரகாட்டமும் ஒயிலாட்டமும் நன்றாகத்தான் இருக்கும்.

புகைப்படம். பிள்ளையின் முகம், முழுப்பெயர், வகுப்பு, பள்ளி நான்கையும் சேர்த்துப் பொதுவெளியில் போடுவது பாராட்டில் சேராது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கஷ்டம்?

பரிசு கொடுப்பவர் யார் என்பதையும் தலைமையாசிரியர் பார்க்க வேண்டும். "நம்ம சமூகத்துப் பிள்ளை" என்று சொல்லி ஒரு சங்கம் சால்வையோடு வந்தால், பள்ளி வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அதே ஓட்டத்தில் ஓடிய மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை. வகுப்பாசிரியர் தன் நோட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, பள்ளி முன் பாராட்டப்பட்ட நாளில் பெயருக்கு நேரே டிக் போட்டு வரலாம். அரையாண்டு விடுமுறைக்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்தால் டிக்கே விழாத ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும். அவர்களுக்காக இல்லாத சாதனையை உருவாக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒரு வாரம் அவர்களை மட்டும் கவனித்தால் போதும். நாடகத்துக்குத் திரை இழுப்பது யார், எல்லோருடைய வசனமும் யாருக்குத் தெரியும், கோ-கோ கோட்டை அழியாமல் திரும்பத் திரும்பப் போடுவது யார் என்பதெல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.