ஹாரியட் டப்மனின் கதையை உப்புவெளிக் கரையில சொல்லிக் குடுக்கிறது எப்பிடி

பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில அடிமையாப் பிறந்து, தப்பி, மற்ற அடிமைகளையும் மீட்ட ஹாரியட் டப்மனின் கதை சொல்லப்போறீங்களெண்டால், பிறந்த ஆண்டில தொடங்காதீங்க. நான் அப்பிடித் தொடங்கி, கடைசி வாங்கு நித்திரை கொண்டதுதான் மிச்சம்.

பலசரக்குக் கடையில ஒரு கிலோப் படிக்கல்லை இரவல் வாங்கி, ஆளாளுக்குக் கையில குடுங்க. தப்பியோடின இன்னொரு அடிமைக்கு மேற்பார்வையாளன் எறிஞ்ச, கிட்டத்தட்ட இந்தப் பாரமுள்ள இரும்பு, அவவின் தலையில பட்டது. பிறகு வாழ்நாள் முழுக்கத் திடீர் திடீரெண்டு மயங்கி நித்திரையாகிப் போவா. அந்தத் தலையோடதான் 1849இல, அடிமைமுறை இருந்த மேரிலாந்தில இருந்து, அது இல்லாத பிலடெல்பியாவுக்குத் தப்பினவ.

இருட்டினதும் கடற்கரைக்குக் கூட்டிப் போய், நிலாவெளிப் பக்கம் வடக்கைப் பாக்கச் சொல்லுங்க. கையை நீட்டிப் பொத்தின முட்டி, அந்த ஒரு முட்டி உயரத்துக்குள்ள, அடிவானத்தை ஒட்டித் துருவ நட்சத்திரம். முகில் இருந்தால் போகாதீங்க, நான் பட்டிருக்கிறன். மேரிலாந்தில அது நாலு முட்டி உயரம். வடக்குக்கு அவவுக்கு வழிகாட்டினது அதுதான்.

பிறகு மற்ற அடிமைகளைக் கூட்டிவர மேரிலாந்துக்குத் திரும்பிப் போனதை ஆறுதலாச் சொல்லுங்க: சுமார் 13 தரம், 70 பேரளவில கூட்டி வந்தவ. சனிக்கிழமை இரவு வெளிக்கிட்டால் தப்பின அடிமைகளைத் தேடுற விளம்பரம் திங்கள் வரைக்கும் பேப்பரில வராது. இந்த இடத்தில பிள்ளைகள் கட்டாயம் சிரிப்பினம்.

1863இல, அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரம், தென் கரோலினாவின் கொம்பாகீ ஆற்றில 700 அடிமைகளுக்கு மேல மீட்ட கதையை அடுத்த நாளுக்கு வையுங்க. படிக்கல்லைத் திருப்பிக் குடுக்க மறக்காதீங்க, கடைக்கார அண்ணர் என்னட்டை ரெண்டு தரம் கேட்டுட்டார்.