போர்ட்ஸ் ஒஃப் கனடாவ எங்க இருந்து கேக்கத் தொடங்குறது?

நான் தொடங்கினது பிழையான இடத்துல. அவங்களோட ஜியோகாடி ஆல்பத்த ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டுட்டு சோறு சாப்பிட்டுட்டு இருந்தேன், தம்பி உள்ள இருந்து வந்து "அண்ணே ஃபோன் தண்ணியில விழுந்திருச்சா"ன்னு கேட்டான், அதோட மூடி வச்சதுதான், ரெண்டு வருசம் அந்தப் பக்கமே போகல. நீங்க அப்பிடி செய்யாம இருக்கத்தான் இத எழுதுறேன்.

போர்ட்ஸ் ஒஃப் கனடாங்கிறது எலக்ட்ரோனிக் மியூசிக் செய்ற ஒரு குழு. ஆளுங்க ரெண்டு பேரு. மைக் சாண்டிசன், மார்கஸ் இயோன். ஸ்கொட்லாந்துக்காரங்க. அண்ணன் தம்பிதான், ஆனா 2005 வரைக்கும் அத வெளிய சொல்லல, ஏன்னா அதே மாதிரி மியூசிக் செய்ற ஓர்பிட்டல்னு இன்னொரு சகோதர ஜோடி ஏற்கனவே இருந்துச்சு, சேத்து வச்சுப் பேசுவாங்கன்னு பயம். சின்ன வயசுல கொஞ்ச நாள் கனடாவுல இருந்தவங்க, அந்த நாட்டு நேஷனல் ஃபில்ம் போர்ட் எடுத்த டொகியுமென்டரி பாத்து வளந்தவங்க, பேரு அங்க இருந்து வந்தது. இவங்க ஸ்டூடியோ எடின்பரோவுக்குப் பக்கத்து பென்ட்லண்ட் மலையில. நம்ம தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் தேயிலைத் தோட்டம் இருக்குல்ல, அந்தப் பேரும் எடின்பரோவுல இருக்குற ஒரு இடத்தோட பேருதான், துரைமாரு இங்க தூக்கிட்டு வந்து வச்சது. அவங்க ஊர்லயும் மலை, மழை, மிஸ்ட் எல்லாம் இருக்கு.

முதல் வேலை, காத பழக்குறது. இவங்க பாட்டுல சத்தம் நேரா நிக்காது, லேசா ஆடும், கசெட் பழசாகி இழுக்குமே அந்த மாதிரி. வேணும்னே செய்றாங்க. நமக்கு இது புதுசில்ல. அடுத்த டிவிசன் கோயில் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு போடுவாங்க, காத்து திரும்பினா சத்தம் கிட்ட வரும், மிஸ்ட் எறங்கினா அமுங்கிப் போகும், என்ன பாட்டுன்னு பாதிதான் புரியும் ஆனா நெஞ்சு என்னமோ பண்ணும். அந்தக் காத வச்சுக்கிட்டு கேளுங்க. ஹெட்செட் கட்டாயம், பேஸ் கூட்டுற செட்டிங் எல்லாம் ஓஃப். தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் வந்து வந்து போகும், அதனால டவுன்ல வைஃபை கெடைக்கிறப்பவே டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, நடுவுல நின்னா மூட் போயிரும்.

ரெண்டாவது, ஒரே ஒரு பாட்டு. ரோய்ஜிபிவ். ரெண்டரை நிமிசந்தான். வானவில் நிறங்களோட இங்கிலீஷ் முதல் எழுத்த சேத்து வச்ச பேரு. அடியில ஒரு தடிச்ச பேஸ், மேல ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க மாதிரி ஒரு மெட்டு. மூணு நாள் இது மட்டும் போதும். பிடிக்கலையா, விட்டுருங்க, ஒண்ணும் பாவமில்ல.

பிடிச்சா அந்தப் பாட்டு இருக்குற ஆல்பம் முழுசா, மியூசிக் ஹேஸ் த ரைட் டு சில்ட்ரன், 1998ல வந்தது. ஷஃபிள் போடாதீங்க, தயவுசெஞ்சு. பெரிய பாட்டுகளுக்கு நடுவுல ஒரு நிமிசம் ஒண்ணரை நிமிசத்துல குட்டிக் குட்டியா வரும், ஓல்சன் மாதிரி, அதுங்கதான் எனக்கு உசிரு. அக்வாரியஸ்ங்கிற பாட்டுல ஒரு பொம்பள குரல் நம்பர் எண்ணிட்டே வந்து பாதியில குழம்பிப் போகும், ஃபோன்ல பிழை ஒண்ணுமில்ல.

அடுத்து 2000ல வந்த ஒரு ஈபி, அதாவது ஆல்பத்த விட சின்னது, இன் எ பியூட்டிஃபுல் பிளேஸ் அவுட் இன் த கன்ட்ரி. நாலே பாட்டு, ஒரு பிளேன்டீ ஆறுறதுக்குள்ள முடியாது ஆனா அரை மணிக்குள்ள முடிஞ்சிரும். என்னக் கேட்டா இவங்க செஞ்சதுலயே அழகானது இதுதான். ஆனா உள்ள இருக்குறது அமெரிக்காவுல வேகோங்கிற இடத்துல 1993ல நெருப்புல முடிஞ்சு போன மதக்குழுவப் பத்தின விசயம். அது தெரிஞ்ச பெறகு கேட்டா அந்த அழகே கொஞ்சம் பயமா இருக்கும்.

பெறகு 2005 த கேம்ப்ஃபயர் ஹெட்ஃபேஸ். இதுல கிட்டார் நெறைய, வீட்ல உள்ளவங்களும் திட்டாம கேப்பாங்க. இதுல உள்ள டேவன் கவ்போய் பாட்டோட வீடியோவ கட்டாயம் பாருங்க, 1960ல அமெரிக்க விமானப்படைக்காரர் ஜோ கிட்டிங்கர் பலூன்ல கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர் உயரம் போய் குதிச்ச உண்மையான காட்சி அதுல இருக்கு. 2013 டுமோரோஸ் ஹார்வெஸ்ட் பழைய பேய்ப்பட மியூசிக் மாதிரி வறண்டு கெடக்கும், பகல்ல கேளுங்க.

1995 டூவிசம் அப்ப நூறு கொப்பி அளவுக்குத்தான் அடிச்சாங்க, 2002ல திரும்ப வெளியிட்டதால இப்ப லேசா கெடைக்கும். அவசரமில்ல.

கடைசியாத்தான் ஜியோகாடி, 2002. 66 நிமிசம் 6 செக்கன், சேத்து எழுதினா 666, பிசாசோட நம்பர்னு சொல்வாங்களே அது, அந்தக் கணக்க வச்சே பிசாசுக் கதை கட்டுறவங்க இருக்காங்க, பின்பக்கமா ஓடுற குரல் வேற. ராத்திரி, லைட் ஓஃப் பண்ணிட்டு, ஒரே மூச்சுல. முடியிற எடத்துல மேஜிக் விண்டோன்னு ஒண்ணு வரும், ஒண்ணே முக்கால் நிமிசம், சத்தமே கெடையாது. நான் ஹெட்செட் வயர் போயிருச்சுன்னு நெனச்சு ஆட்டி ஆட்டிப் பாத்து கடைசியில நெசமாவே ஒடச்சுட்டேன்.